இறக்கிய கொடி எங்கே போகிறது?

என்னிடம் ஒரு பழைய நிலப்பட நூல் இருக்கிறது. அதன் கடைசி இரண்டு பக்கங்களில் உலக நாடுகளின் கொடிகள் தபால்தலை அளவில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. சிறுவயதில் அவற்றைப் பார்த்து நோட்டில் வரைந்து வண்ணம் தீட்டுவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. லிபியாவின் இடத்தில் வெறும் பச்சைச் செவ்வகம் மட்டும் இருந்தது. மற்ற வண்ணங்களை ஏற்ற அச்சகத்தில் மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். அது இன்னும் அழியவில்லை.

பிழை அச்சகத்தினுடையது அல்ல. 1977-இல் எகிப்திய அதிபர் அன்வர் சாதாத் இஸ்ரேலுக்குப் போய்வந்தார். எகிப்தோடும் சிரியாவோடும் கூட்டாக வைத்திருந்த கொடியை அந்தக் கோபத்தில் கடாபி தூக்கியெறிந்துவிட்டு, பச்சைத் துணி ஒன்றை ஏற்றிவிட்டார். எழுத்து இல்லை, சின்னம் இல்லை, ஒரு பட்டைகூட இல்லை. அப்படி ஒரே நிறத்தில் இருந்த நாட்டுக்கொடி அந்தக் காலத்தில் உலகிலேயே அது ஒன்றுதான். வரைவதற்கு அதைவிடச் சுலபமான கொடி கிடையாது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியமும் இருந்தது.

இன்று அந்தப் பக்கங்களில் எத்தனை கொடிகள் செத்துப்போய்விட்டன என்று எண்ண உட்கார்ந்தேன். சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி, ருமேனியா, எத்தியோப்பியா, ஈராக், மியான்மர், கம்போடியா, தென்னாப்பிரிக்கா, ருவாண்டா, வெனிசுவேலா என்று விரல்கள் போதாமல் போயின. செத்துப்போன என்று எழுதிவிட்டேன், அது தவறு. கொடிகள் அவ்வளவு லேசில் சாவதில்லை. நான் சொல்ல வந்ததே அதுதான்.

சிரியாவை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 8-ஆம் தேதி டமாஸ்கஸ் கைமாறியது. அதிபர் பஷார் அல் அசாத் மாஸ்கோவில் தஞ்சம் புகுந்தார். மறுநாள் அதே மாஸ்கோவில், சிரியத் தூதரகத்தின் மேல் எதிர்த்தரப்பின் பச்சை-வெள்ளை-கருப்புக் கொடி ஏறியது. தப்பியோடி வந்து சேர்ந்த ஊரிலேயே அவருடைய கொடிக்கு இடமில்லாமல் போயிற்று. சிவப்புப் பட்டை இருந்த இடத்தில் பச்சைப் பட்டை; இரண்டு பச்சை நட்சத்திரங்களுக்குப் பதிலாக மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். கடைகளின் ஷட்டர்களில் தீட்டியிருந்த பழைய கொடியின் மேல் புதுப் பெயிண்ட் ஏறுகிற படங்கள் அந்த வாரங்களில் நிறைய வந்தன. வண்ணம் பூசுகிறவருக்குப் பெரிய செலவில்லை. சிவப்பும் பச்சையும் இடம் மாறினால் பாதி வேலை முடிந்தது.

எல்லோரும் அதைப் புதிய கொடி என்றார்கள். அது 1932-ஆம் ஆண்டுக் கொடி. பிரெஞ்சுக்காரர்களின் ஆதிக்கத்தில் இருந்தபோது பிறந்து, 1946-இல் விடுதலை பெற்றபோதும் பறந்தது. 1958-இல் எகிப்தோடு சேர்ந்து ஒரே நாடு ஆனபோது அதை இறக்கினார்கள். 1961-இல் கூட்டு உடைந்ததும் மறுபடி ஏற்றினார்கள். 1963-இல், பின்னாளில் அசாத்தின் கட்சியான பாத் கட்சி ஆட்சியைப் பிடித்து மறுபடி இறக்கியது. அதன்பின் மூன்று நட்சத்திரம், பிறகு பருந்து, 1980-இல் மீண்டும் எகிப்தோடு சேர்ந்திருந்த காலத்து இரட்டை நட்சத்திரம். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று சிரியா, மற்றது எகிப்து. எகிப்து தன் கொடியிலிருந்து நட்சத்திரங்களை 1972-இலேயே எடுத்துவிட்டது. சிரியா மட்டும் 1980-இல் திரும்ப எடுத்து 2024 வரை வைத்திருந்தது. பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போன அண்ணனின் பெயரைத் தம்பி தன் வீட்டு வாசலில் மறுபடி எழுதி வைத்திருந்ததைப் போல.

2011-இல் அசாத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களுக்குக் கொடி வேண்டியிருந்தது. எழுச்சிக்கு நடுவே குழு அமைத்து, வரைபடம் போட்டு, நிறங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. பாத் கட்சி இறக்கிய கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே ஆண்டு லிபியாவிலும் இதுவே நடந்தது. கடாபி 1969-இல் கவிழ்த்த மன்னராட்சியின் சிவப்பு-கருப்பு-பச்சைக் கொடியைத்தான் மக்கள் தூக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மன்னராட்சியைப் பார்த்ததே இல்லை; மன்னர் திரும்பி வர வேண்டும் என்றும் அவர்கள் கேட்கவில்லை. கடாபி எதை வேண்டாம் என்றாரோ அது அவர்களுக்கு வேண்டியதாயிருந்தது, அவ்வளவுதான். எதிரிக்குத் தேவையான கொடியைத் தைத்து, மடித்து, நாற்பது ஆண்டுகள் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

மடித்துவைத்த கொடி இல்லாதவர்கள் கத்திரிக்கோலை எடுத்தார்கள். 1956 அக்டோபரில் ஹங்கேரியர்கள் சிவப்பு-வெள்ளை-பச்சைக் கொடியின் நடுவிலிருந்து சுத்தியலும் கோதுமைக் கதிரும் கொண்ட சோவியத் பாணிச் சின்னத்தை வெட்டியெடுத்தார்கள். 1989 டிசம்பரில் ருமேனியர்களும் அதையே செய்தார்கள். அவர்கள் கொடியின் நடுவில் மலை, காடு, எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம், உதயசூரியன், கதிர்க்கட்டு, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு நட்சத்திரம் என்று ஒரு கண்காட்சியே இருந்தது. அதிபர் சௌசெஸ்கு ஹெலிகாப்டரில் தப்பியோடிய நாளின் படங்களில், நீலம்-மஞ்சள்-சிவப்புத் துணியின் நடுவே பெரிய ஓட்டை. அதன் வழியே ஆட்களின் முகங்களும் பின்னாலிருக்கும் கட்டடங்களும் தெரிகின்றன.

அந்த ஓட்டை எப்படிப் போட்டிருப்பார்கள் என்று யோசித்து, ஒரு பழைய தலையணை உறையில் முயன்று பார்த்தேன். நினைத்த மாதிரி எளிதல்ல. ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனால் கொடி கிழிந்து இரண்டாகிவிடும். நடுவில் கத்தியால் குத்தித் துளையிட்டு, அதற்குள் கத்திரியை நுழைத்துச் சுற்றிவர வேண்டும். துணி சுருங்கிக்கொண்டு ஒத்துழைக்க மறுக்கிறது. நாலாக மடித்து மூலையை நறுக்கினால் வேலை சீக்கிரம் முடிகிறது, ஆனால் விரித்துப் பார்த்தால் வட்டத்துக்குப் பதில் சாய்சதுரம். புகைப்படங்களில் ஓட்டைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. சிலது வட்டம், சிலது கோணல்மாணல், சிலதில் நூல் பிரிந்து தொங்குகிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவசரமாக, அவரவர் வீட்டில் இருந்த கருவியால் செய்தது. எந்த அரசும் அப்படி ஒரு கொடியை வடிவமைக்க முடியாது.

புரட்சி முடிந்து சில நாட்களிலேயே சின்னத்தைச் சட்டப்படி நீக்கினார்கள். அங்கேதான் யாரும் எதிர்பாராத சிக்கல். சின்னம் போனபின் மிஞ்சிய நீலம்-மஞ்சள்-சிவப்பு, ஆப்பிரிக்காவிலுள்ள சாட் நாட்டின் கொடியாக இருந்தது. சாட் 1959 முதலே அதை வைத்திருக்கிறது. நீலத்தின் அழுத்தத்தில் இழையளவு வேறுபாடு. காற்றில் பறக்கும்போது அது யார் கண்ணுக்குத் தெரியும்? 2004-இல் சாட் இதை எழுப்பியபோது ருமேனிய அதிபர் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். சாட்டின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நாட்டில் அதிபர் கொல்லப்பட்டிருக்கிறார், உள்நாட்டுப் போர் நடந்திருக்கிறது, ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் தலைநகரைப் பிடித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் கொடியில் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை. எந்தக் கோஷ்டிக்கும் அது சொந்தமில்லை என்பதால் எந்தக் கோஷ்டிக்கும் அதன் மேல் கோபமில்லை. உள்ளூரில் அத்தனை பேரிடமிருந்தும் தப்பிய கொடிக்கு, முன்பின் தொடர்பே இல்லாத ஐரோப்பிய நாடு ஒன்றின் கத்திரிக்கோலால் பங்காளி முளைத்துவிட்டது.

கொடிக்காகச் சண்டை போட்டவர்கள் கதை நிறைய உண்டு. கொடிக்காகச் சிம்மாசனத்தையே வேண்டாம் என்றவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ஷாம்போர் பிரபு, பத்தாம் சார்லஸ் மன்னரின் பேரன். 1870-இல் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்று, மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்தபின், 1871-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபையில் மன்னராட்சியை விரும்பியவர்களே பெரும்பான்மை. பட்டம் சூட்டிக்கொள்ள அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ மூவண்ணக் கொடியின் கீழ் ஆள மாட்டேன் என்றார். அது புரட்சியின் கொடி, தன் முன்னோரைக் கொன்றவர்களின் கொடி. ‘நான்காம் ஹென்றியின் வெள்ளைக் கொடியை ஐந்தாம் ஹென்றியால் கைவிட முடியாது’ என்று 1871 ஜூலையில் அறிக்கை விட்டார். ஐந்தாம் ஹென்றி என்றால் அவர்தான். இன்னும் முடிசூடாத ஐந்தாம் ஹென்றி.

சபையில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாட்டுக்கு மூவண்ணம் இருக்கட்டும், அரசர் தமக்கு வெள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்பதுபோலச் சமரசங்கள் பேசிப் பார்த்தார்கள். 1873 அக்டோபரில் எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நம்பிய நேரத்தில் மறுபடி ஒரு கடிதம், மறுபடி வெள்ளை. ஒரு கைத்துண்டுக்காக இவ்வளவா என்று போப் ஒன்பதாம் பயஸ் அலுத்துக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. பிடிவாதக்காரர் இறந்தபின் வேறொரு வாரிசை உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போட்டு, மக்மஹோன் தளபதியை ஏழு ஆண்டுகளுக்கு அதிபராக்கினார்கள். பிரபு 1883 வரை உயிரோடிருந்தார். அதற்குள் குடியரசு வேர்விட்டுவிட்டது. மன்னருக்காகக் காத்திருக்கக் குறித்த அந்த ஏழு ஆண்டுப் பதவிக்காலம் மட்டும் பிரெஞ்சு அதிபர்களுக்கு நிலைத்துவிட்டது. 2000-இல் வாக்கெடுப்பு வைத்துத்தான் அதை ஐந்தாகக் குறைத்தார்கள்.

இறக்கிய கொடிகள் எல்லாமே பிழைத்துக்கொள்வதில்லை என்பதையும் இந்தப் பிரபுவை வைத்தே சொல்லிவிடலாம். மூவண்ணத்தை 1815-இல் அவருடைய வம்சமான பூர்போன் மன்னர்கள் இறக்கினார்கள். பதினைந்து ஆண்டுகள் ஒளிந்திருந்து 1830-இல் அது திரும்பி வந்துவிட்டது. வெள்ளைக் கொடிக்கு அந்த யோகம் இல்லை. மாடியறையில் அதை ஒளித்துவைத்து ஏங்குவதற்கு அரண்மனைக்கு வெளியே ஆட்கள் போதவில்லை.

ஜெர்மனியில் கொடி ஒரு பிரதமரின் பதவியையே பறித்திருக்கிறது. 1926 மே மாதம், வெளிநாட்டுத் தூதரகங்கள் சிலவற்றில் குடியரசின் கருப்பு-சிவப்பு-பொன் கொடிக்குப் பக்கத்தில், பழைய பேரரசின் கருப்பு-வெள்ளை-சிவப்பு நிறங்கள் கொண்ட வணிகக் கப்பல் கொடியையும் ஏற்றலாம் என்று ஓர் ஆணை வந்தது. ஒரு வாரத்துக்குள் ஹான்ஸ் லூதரின் அரசு கவிழ்ந்தது. விலைவாசி, கடன், வேலையின்மை என்று கவிழ்வதற்கு அந்த நாட்டில் அன்று ஆயிரம் காரணங்கள் இருந்தன என்பதை நினைக்கும்போது, துணிக்கு இருக்கும் வலிமை கொஞ்சம் பயமூட்டுகிறது.

இந்தச் சண்டைகளில் குறைந்தபட்சம் ஒரு கொள்கை இருந்தது. கொள்கையும் இல்லாமல், ஆள்பவரின் மனநிலைக்காக மாறிய கொடிகளும் உண்டு. மலாவியின் கொடியில் மேலே கருப்புப் பட்டையும் அதில் பாதி எழுந்த சிவப்புச் சூரியனும் இருந்தன. ஆப்பிரிக்காவுக்கு விடிகிறது என்று 1964-இல் அதற்குப் பொருள் சொன்னார்கள். 2010-இல் அதிபர் முத்தாரிக்காவின் அரசு, நாடு முன்னேறிவிட்டது, இனியும் பாதிச் சூரியன் எதற்கு என்று, நடுவில் முழு வெள்ளைச் சூரியனை வைத்தது. மக்களுக்கு அவ்வளவு வெளிச்சம் தெரியவில்லை. 2012 ஏப்ரலில் முத்தாரிக்கா காலமானார். மே மாத இறுதியிலேயே நாடாளுமன்றம் பழைய கொடியை மீட்டுவிட்டது. முழுச் சூரியன் இரண்டாண்டுகூட எரியவில்லை.

வெனிசுவேலாவில் அதிபர் சாவேஸ் 2006-இல் எட்டாவது நட்சத்திரத்தைச் சேர்த்தார். அதற்காவது விடுதலை வீரர் பொலிவாரின் 1817-ஆம் ஆண்டு ஆணை என்று ஓர் ஆதாரம் காட்டினார். முத்திரையிலிருந்த வெள்ளைக் குதிரையையும் விடவில்லை. வலப்பக்கம் ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்த குதிரை, இப்போது இடப்பக்கம் நேராக ஓடுகிறது. குதிரை ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று கேட்டது தன் சிறுமகள் என்று அவரே சொன்னார். எதிர்க்கட்சியினர் பலர் உடனே ஏழு நட்சத்திரக் கொடிக்கு விசுவாசிகளாகிவிட்டார்கள். அதுவரை அவர்களில் யாராவது நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். 2023 கடைசியில் கிர்கிஸ்தான் தன் கொடிச் சூரியனின் நெளிந்த கதிர்களை நிமிர்த்தியது; நெளிவாக இருந்தால் சூரியகாந்திப் பூ மாதிரி தெரிகிறது, சூரியகாந்தியோ அடுத்தவர் முகம் பார்த்துத் திரும்புகிற பூ என்பது வாதம். பழைய கள், புதிய மொந்தை என்பார்கள். இங்கே மொந்தைகூடப் பழையதுதான், கொஞ்சம் துலக்கியிருக்கிறார்கள்.

பெலாருஸ் கதை இவற்றைவிடக் கடுமையானது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அங்கே வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடி வந்தது. 1918-இல் சில மாதங்களே வாழ்ந்த குடியரசு ஒன்றின் கொடி அது. 1995 மே மாதம் அதிபர் லுகஷென்கோ வாக்கெடுப்பு நடத்தி, சோவியத் காலச் சிவப்பு-பச்சைக் கொடியைச் சுத்தியல் அரிவாளை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தார். அரசு மாளிகையின் கூரையில் அந்த வெள்ளை-சிவப்பு-வெள்ளையை இறக்கிய அதிகாரிகள் அதைத் துண்டுதுண்டாகக் கிழித்து, துண்டுகளில் கையெழுத்திட்டு நினைவுப்பொருளாகக் கொடுத்தார்கள். வென்றவரின் மமதை என்று அதைச் சொல்லலாம். எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகத் தெரிகிறது. நான்கே ஆண்டுகள் அதிகாரபூர்வமாக இருந்த கொடி அது, சும்மா விட்டிருந்தால் மறதியில் கரைந்திருக்கும். 2020-இல் தேர்தல் முடிவை ஏற்காமல் மின்ஸ்க் தெருக்களில் திரண்டவர்களின் தலைக்கு மேல் கடல்போல அசைந்தது அதுதான். அதன்பின் பால்கனியில் அந்த நிறங்களில் துணி தொங்கினால்கூடக் காவலர் கதவைத் தட்டினார்கள். ஒரு கொடியை உயிரோடு வைத்திருக்க இதைவிட நல்ல பராமரிப்பு வேண்டுமா?

இதற்கு எதிர்த்திசையில் ஸ்பெயின். குடியரசின் சிவப்பு-மஞ்சள்-ஊதாக் கொடியைப் பிடித்துப் போரிட்டுத் தோற்றவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. வென்ற சர்வாதிகாரி பிராங்கோ அந்தக் கொடியைத் தடைசெய்து, பழைய சிவப்பு-மஞ்சள்-சிவப்பை ஏற்றினார். நாற்பது ஆண்டு தலைமறைவுக்குப் பிறகு 1977 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. சில நாட்களிலேயே அதன் தலைவர் சாந்தியாகோ கரீயோ, சிவப்பு-மஞ்சள்-சிவப்பைக் கட்சி ஏற்றுக்கொள்கிறது என்று அறிவித்தார். எத்தனை தோழர்கள் அன்று பல்லைக் கடித்திருப்பார்கள்! கொடி மாறவே இல்லை. கொடியைப் பார்த்தவர்கள்தான் மாற வேண்டியிருந்தது. அதில் பிராங்கோ காலத்துக் கழுகை எடுக்க 1981 வரை ஆயிற்று.

கம்போடியாவை நினைத்தால் எனக்கு வியப்புதான் மிஞ்சுகிறது. மன்னர், தளபதி, போல் பாட், வியட்நாம் ஆதரவு அரசு, மறுபடி மன்னர். ஒருவரையொருவர் அழிக்கத் துடித்த இவர்கள் எல்லோரும் கொடியில் அங்கோர் வாட் கோயிலை மட்டும் விடவில்லை. போல் பாட் ஆட்சியில் சிவப்புத் துணியில் மூன்று மஞ்சள் கோபுரங்கள். 1979-இல் அவரை விரட்டியவர்கள் அதே சிவப்பில் அதே மஞ்சளில் ஐந்து கோபுரங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோபுரத்தை எண்ணித்தான் யாருடைய ஆட்சி என்று சொல்ல முடியும். கோயில் இல்லாமல் இருந்தது, ஐக்கிய நாடுகள் சபை பொறுப்பேற்றிருந்த 1992-93 இடைக்காலத்தில் பறந்த கொடி ஒன்றில்தான். அதில் நாட்டின் வரைபடத்தைப் போட்டிருந்தார்கள்.

இடைக்காலம் என்றதும் ஈராக் நினைவுக்கு வருகிறது. 1991 ஜனவரியில், வளைகுடாப் போரை ஒட்டி, சதாம் உசேன் கொடியின் நட்சத்திரங்களுக்கு நடுவே ‘அல்லாஹு அக்பர்’ என்று சேர்த்தார். அது அவருடைய சொந்தக் கையெழுத்து என்பார்கள். அவர் விழுந்தபின், 2004-இல் ஆளும் குழு வெள்ளையும் நீலமுமாகப் புத்தம்புதுக் கொடி ஒன்றை அறிமுகப்படுத்தியது. நீலக் கோடுகள் இஸ்ரேலை நினைவூட்டுகின்றன என்று மக்கள் கொதித்தார்கள். அது ஏறாமலே இறங்கியது. பிறகு சதாமின் கையெழுத்தை எடுத்துவிட்டு, அதே சொற்களைக் கூஃபி என்ற பழைய அரபு எழுத்துவடிவில் எழுதினார்கள். 2008-இல் நட்சத்திரங்களையும் நீக்கி, ஓராண்டுக்கு மட்டும் என்று ஒரு கொடியை நாடாளுமன்றம் ஏற்றது. அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கொடியும் தற்காலிகம் என்றே வந்தது. மக்களிடம் கேட்டதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகள் வந்து குவிந்தன, ஒன்றும் தேறவில்லை. 1994 ஏப்ரல் 27-ஆம் தேதி தேர்தல் என்று குறித்தாயிற்று. அரசு முத்திரைத் துறையின் பிரெடரிக் பிரவ்னெல் வரைந்த, இரண்டு கிளைகள் சேர்ந்து ஒன்றாகும் வடிவம் கடைசி நேரத்தில் முடிவானது. வெளியூரில் இருந்த மண்டேலாவுக்கு அதை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸில் வண்ணம் போகாது. அந்தப் பக்கத்தில் ஒருவர் கடைக்கு ஓடி வண்ணப் பென்சில்கள் வாங்கிவந்து நிரப்பிக் காட்டினார் என்பது கதை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நோட்டும் பென்சிலும் நினைவுக்கு வந்து, கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. பழைய கொடியில் இருந்த ஆரஞ்சு நிறத்தை ஒத்த மிளகாய்ச் சிவப்பு அதில் உண்டு. விடுதலை இயக்கத்தின் கருப்பும் பச்சையும் பொன்னிறமும் உண்டு. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம்! பொருள் சொன்னால்தானே மறுப்பதற்கு ஒருவர் வருவார்.

இப்போதெல்லாம் யாரும் நிலப்பட நூலைப் புரட்டுவதில்லை. கொடி வேண்டுமென்றால் கைப்பேசியில் எமோஜியைத் தேடுகிறார்கள். அங்கேயும் கொடி மாற்றம் உண்டு. கொடி எமோஜி என்பது உண்மையில் படம் அல்ல, நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு. அதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை எழுத்துரு தயாரிக்கும் நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. சிரியாவில் ஆட்சி மாறியபின் வெகுநாட்களுக்கு என் கைப்பேசியில் அசாத்தின் கொடியே இருந்தது. ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பித்தேன். பழைய உரையாடல்களில் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பியிருந்த கொடிகள்கூடப் பச்சையாகிவிட்டன. கூரையேறிக் கிழிக்கத் தேவையில்லாத காலம் இது.

அதே கைப்பேசியில் ஆப்கானிஸ்தானைத் தேடினால் கருப்பு-சிவப்பு-பச்சை வருகிறது. கடந்த நூற்றாண்டில் அந்த நாட்டைவிட அதிகமாகக் கொடி மாற்றிய நாடு இல்லை என்பார்கள். தாலிபான் 2021 ஆகஸ்டில் காபூலைப் பிடித்து, வெள்ளைத் துணியில் கருப்பெழுத்தில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் பொறித்த கொடியை ஏற்றினார்கள். 2025 ஜூலையில் ரஷ்யா அவர்களை அங்கீகரித்தபின், மாஸ்கோவிலுள்ள ஆப்கன் தூதரகத்திலும் அது பறக்கிறது. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆப்கன் வீரர்கள் வந்தது மூவண்ணத்தோடு. கிரிக்கெட் அணி ஆடுவதும் அதே மூவண்ணத்தின் கீழ்.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் முன்னால், உறுப்பு நாடுகள் 193-இன் கொடிகளும் வரிசையாக நிற்கின்றன. 2025 ஏப்ரலில் அங்கே சிரியாவின் கம்பத்தில் கொடி மாறியது. புதிய வெளியுறவு அமைச்சரே வந்து ஏற்றினார். வரிசை ஆங்கில அகரவரிசைப்படி என்பதால் முதல் கம்பம் ஆப்கானிஸ்தானுடையது. தாலிபான் அனுப்பிய பிரதிநிதியைச் சபை ஏற்கவில்லை. ஆகவே கொடியும் மாறவில்லை. வேலைநாட்களில் காலையில் ஊழியர்கள் வந்து, அந்த முதல் கம்பத்தில், காபூலில் எந்த அரசு அலுவலகத்தின் மேலும் இல்லாத கருப்பு-சிவப்பு-பச்சையை ஏற்றுகிறார்கள். மாலையில் இறக்கி மடித்து உள்ளே எடுத்துப் போகிறார்கள்.